எடை குறைக்கும் ஆபரேஷன்: "உனக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்?

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது பழமொழி. ஒருவர் வயிற்றின் சங்கடம் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் உடல் பருமனுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று ஒருவர் வாய் திறந்துவிட்டால் போதும். வீட்டிலும், எஸ்டேட் லயத்திலும், ஆபீசிலும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

"நீ என்ன அவ்வளவு குண்டா?"

"காலையில் எழுந்து நாலு கிலோமீட்டர் நடந்தால் தானே கரைந்துபோகும்."

"பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்."

"கல்யாணம் ஆகாத பெண் வயிற்றை அறுத்துக்கொண்டால் யார் கட்டிக்கொள்வார்கள்?"

பாலக்காட்டு எல்லையில் வாளையார், கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிகளிலும், இடுக்கியில் மூணாறு, நெடுங்கண்டம், வண்டிப்பெரியாறு, குமுளி பகுதிகளிலும் வேலை செய்யும் தமிழர்களுக்கு இந்தக் கேள்விகள் இரட்டிப்புச் சுமை. வேலை இந்தப் பக்கம். உற்றார் உறவினர் பெரும்பாலும் அந்தப் பக்கம். பெரிய ஆபரேஷன் என்றால் கோவைக்கோ மதுரைக்கோ போகவேண்டும். கூட ஒருவர் வரவேண்டும். அப்படி வருபவருக்குப் பல நாள் கூலி போகும். "இது அவசியந்தானா?" என்று அவர் கேட்பதில் வியப்பில்லை. அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும். பதில் இல்லாவிட்டால் வேண்டியவருக்குச் சிகிச்சை தள்ளிப்போகும்; அல்லது அவர் யாரிடமும் சொல்லாமல் தனியே போய்ப் படுப்பார். இரண்டுமே ஆபத்து.

கண்ணளவு போதாது

ஒருவருக்கு இந்த ஆபரேஷன் தேவையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. டாக்டர்கள் முதலில் பார்ப்பது உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம். இதை பி.எம்.ஐ. என்பார்கள். கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்கவேண்டும்.

உலக அளவில் இந்த எண் 30-ஐத் தாண்டினால் உடல் பருமன் நோய் என்பார்கள். இந்தியர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. சர்க்கரை வியாதியும் இதய நோயும் சீக்கிரம் வருகின்றன. ஆகவே 2009-ல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடி வெளியிட்ட வரையறையில் 25-ஐத் தாண்டினாலே பருமன் என்றார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போகக்கூடாது என்றார்கள். சர்க்கரை வியாதி போன்ற நோய் உடன் இருந்தால் 32.5-க்கு மேலும், வேறு நோய் இல்லாவிட்டால் 37.5-க்கு மேலும் ஆபரேஷனை யோசிக்கலாம் என்றும் வகுத்தார்கள்.

2022-ல் அமெரிக்காவின் பருமன் அறுவை நிபுணர் சங்கமும், அந்தத் துறையின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் இந்த அளவை மேலும் தளர்த்தின. ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே ஆபரேஷன் என்ற வழியை எடுத்துச் சொல்லலாம் என்பது அவர்களுடைய இன்றைய கருத்து.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கட்டப்பனையில் கடை ஒன்றில் கணக்கெழுதும் 34 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 155 சென்டிமீட்டர். எடை 82 கிலோ. பார்ப்பவர்கள் "கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்" என்றுதான் சொல்வார்கள். கணக்குப் போட்டால் எண் 34 வருகிறது. அவருக்கு ஐந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி, மாத்திரையால் கட்டுப்படவில்லை, இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார் என்றால், அவர் 2009 வரையறைப்படியே ஆபரேஷனுக்குத் தகுதி உள்ளவர். "இவளுக்கு என்ன குறை?" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு தெரியாது.

இது ஏதோ சிலருடைய பிரச்னையும் அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 40.4 சதவீதம், கேரளத்தில் 38.1 சதவீதம். இவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை என்று அர்த்தமில்லை. மிகப் பெரும்பாலோருக்கு உணவும் நடையும் மருந்துமே போதும்.

சந்தேகத்திலும் நியாயம் உண்டு

சந்தேகப்படுகிறவர்கள் எல்லோரையும் விரோதிகளாக நினைக்கவேண்டாம். 2024 ஏப்ரலில், சென்னைப் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது, விசாரணையும் நடந்தது. அதைப் படித்த தாய், மகனை அனுப்பப் பயப்படுவது இயற்கை.

அந்தப் பயத்துக்கு மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும். ஆபத்து உண்டு. தேர்ந்த நிபுணர்கள் உள்ள இடங்களில் உயிரிழப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடிய அளவு அது. ஆனால் இதய நோய், கடுமையான மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு அபாயம் கூடும்.

செய்துகொள்ளாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத 2,037 பேரையும் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்து 2007-ல் வெளியிட்ட முடிவுப்படி, முதல் கூட்டத்தில் இறந்தவர்கள் 101 பேர். இரண்டாவது கூட்டத்தில் 129 பேர்.

"இப்போது ஊசி வந்துவிட்டதே" என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். 2025-ல் இந்தியாவிலும் எடை குறைக்கும் வார ஊசிகள் விற்பனைக்கு வந்தன. டாக்டர் மேற்பார்வையில் பலருக்குப் பலன் தருகின்றன. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. எது பொருத்தம் என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

சிலருக்குச் சந்தேகப்படுபவர் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். நோய் ஒன்றும் இல்லாமல், எண்ணும் குறைவாக இருந்து, கல்யாணப் போட்டோவுக்காக மெலிய ஆசைப்படுபவருக்கு இந்த ஆபரேஷன் ஏற்றதல்ல. இது அழகுச் சிகிச்சை இல்லை. தைராய்டு கோளாறோ, வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தோ எடையைக் கூட்டுகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஆபரேஷன் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு வேறு வழியில் இணைக்கும் ஆபரேஷனைத் தொடங்கினார். இன்று அதிகம் நடப்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மீதியைக் குழாய் போல ஆக்குவது. சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பும் இதனால் குறைகிறது.

வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வராது. ஆகவே இது வாழ்நாள் ஒப்பந்தம். முதல் இரண்டு வாரம் நீராகாரம். பிறகு குழைத்த உணவு. ஒன்றரை, இரண்டு மாதம் கழித்தே வழக்கமான சாப்பாடு, அதுவும் கொஞ்சமாக. பி-12, இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை விடாமல் சாப்பிடவேண்டும். பெண்கள் ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். புகை கூடாது. மது குறைந்த அளவிலேயே வேகமாக ஏறும். குடிக்கு அடிமையாகும் அபாயமும் கூடும். பரோட்டாவும் கப்பையும் பழகிய நாக்குக்கு இது லேசான மாற்றம் அல்ல.

நான்கில் ஒரு பங்கு

திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். கவனிப்பவரையும் சிகிச்சையின் ஒரு பங்காகவே அவர் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்த ஆபரேஷனுக்கு அது முழுவதும் பொருந்தும். பத்துப் பேர் ஆதரவு தேவையில்லை. பொறுப்பான ஒருவர் போதும். தேவை எது என்று தெரிந்து கேட்கவேண்டும். "எனக்கு ஆதரவாக இரு" என்றால் எதிராளிக்கு ஒன்றும் புரியாது. "வியாழக்கிழமை சேர்க்கிறார்கள், மூன்று நாள் கூட இருக்கவேண்டும், இரண்டு வாரம் தனியாகக் கஞ்சித் தண்ணீரும் மோரும் பருப்புத் தண்ணீரும் வேண்டும், ஒரு மாதம் குடம் தூக்க முடியாது" என்று சொன்னால், மனசில்லாதவரும் ஏதாவது ஒன்றை ஏற்றுக்கொள்வார்.

வாதாடி ஜெயிப்பதைவிட, தயங்குகிற கணவரையோ மாமியாரையோ டாக்டரிடமே அழைத்துப்போவது மேல். அவர் தன் சந்தேகத்தை நேரே கேட்கட்டும். நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் வேறு டாக்டரைப் பார்க்கலாம். அங்கே கேட்கவேண்டியவை: இந்த ஆபரேஷன் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இதே கட்டடத்தில் இருக்கிறதா? இதயம், நுரையீரல், தூக்கப் பரிசோதனைகள் முடிந்தனவா? சிக்கல் வந்தால் கூடுதல் செலவு எவ்வளவு? உணவு ஆலோசகரும் மனநல ஆலோசகரும் உண்டா? "இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே உத்தமம்.

ஆபீசில் எல்லோரிடமும் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. வயிற்று ஆபரேஷன் என்று லீவு எழுதினால் போதும். மேஜை வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். மூட்டை தூக்குபவர்களும் கொழுந்துக் கூடை சுமப்பவர்களும் ஒன்றரை மாதமாவது பொறுக்கவேண்டும். மலை மேல் வீடு உள்ளவர்கள் முதல் வாரத்தைச் சமவெளியில் உறவினர் வீட்டில் கழிப்பது நல்லது. காய்ச்சல், விடாத வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, கடும் வயிற்றுவலி, கால் வீக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கவே பல மணி நேரம் ஆகிவிடும்.

மனம் விட்டுப் பேச வீட்டில் ஆள் இல்லாவிட்டால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இலவசத் தொலைபேசி சேவை இருக்கிறது. எண் 14416. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

பணமும் கையெழுத்தும்

தனியார் இன்சூரன்ஸ் உள்ளவர்கள் ஒன்றை அறியவேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, எண் 40 இருந்தால், அல்லது 35 இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தால், மற்ற சிகிச்சைகள் பலிக்காத நிலையில்தான் பணம் கோரலாம். வயது 18 ஆகியிருக்கவேண்டும். முன்னே சொன்ன 82 கிலோப் பெண்ணுக்கு 84 கிலோ இருந்தால்தான் 35 வரும். டாக்டர் கணக்கில் தேறி, இன்சூரன்ஸ் கணக்கில் இரண்டு கிலோவில் தவறிவிடுகிறார்! ஆகவே அட்மிஷனுக்கு முன்பே கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்கவேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் டிஸ்பென்சரி டாக்டரிடமும், அரசுக் காப்பீடு உள்ளவர்கள் தங்கள் குடும்ப அட்டை உள்ள மாநிலத்தின் திட்டத்திலும் முதலில் விசாரிக்கவேண்டும். தீர விசாரிக்காமல் கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது எடையைக் குறைத்துக் கவலையைக் கூட்டிக்கொள்வதாகும்.

கடைசியாக, சம்மதம் யாருடையது? 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு முன் வந்த வழக்கு ஒன்றில், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காகத் தாயாரிடம் சம்மதம் வாங்கி ஒரு பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. அந்தச் சம்மதம் செல்லாது என்று கோர்ட்டு சொன்னது. சுயநினைவுள்ள, வயது வந்தவருக்கு அவருடைய சம்மதமே சம்மதம். கணவரோ, தாயாரோ, அண்ணனோ வேண்டாம் என்று சொல்வது சட்டப்படி தடை ஆகாது. வேண்டும் என்று வற்புறுத்துவதும் அனுமதி ஆகாது.

சட்டம் கையெழுத்துப் போடும் உரிமையைத்தான் தரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தலையைத் தூக்கி ஒரு வாய் தண்ணீர் தராது. அதற்கு மனிதர் வேண்டும். சந்தேகப்படும் உறவினர் தம் சந்தேகத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் கூட வந்து அதைக் கேட்டுவிட்டு, முடிவு எதுவானாலும் பக்கத்தில் இருக்கச் சம்மதித்தால், அதுவே அவர் செய்யக்கூடிய பெரிய உதவி.