பெயர் வைப்பதில் உள்ள பெருஞ்சிக்கல்

ஒரு பத்திரிகைக் காரியாலயத்தின் கணினியைத் திறந்து பார்த்தால், ‘தலையங்கம் இறுதி’, ‘தலையங்கம் இறுதி புதிது’, ‘தலையங்கம் இறுதி புதிது 2’, ‘இதுவே இறுதி’ என ஒரே கட்டுரைக்கு நான்கு கோப்புகள் கிடைக்கும். அவற்றுள் அச்சுக்குச் சென்றது எது என்பதை மறுநாளே எவராலும் சொல்ல முடியாது. இக்கட்டுரையாளரின் கணினியும் இதற்கு விதிவிலக்கன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த காலத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. கோப்பின் உள்ளே தமிழ் தெரியும். கோப்பின் பெயரில் தெரியாது. ஆகவே பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினோம். ‘தலையங்கம்’ என்பதை ஒருவர் ‘டி’ எழுத்தை மட்டும் இட்டுத் தொடங்குவார்; மற்றொருவர் அதனுடன் ‘எச்’சையும் சேர்ப்பார். தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மூன்றாமவருடையது.

கணினி நிபுணர்களுக்கும் இதே அவஸ்தை உண்டென்பது நம்மைப் போன்றோருக்குச் சற்று ஆறுதலளிக்கும் செய்தியாகும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பில் கார்ல்டன் கூறியதாக அத்துறையில் ஒரு வாசகம் வழங்கி வருகின்றது. கணினி விஞ்ஞானத்தில் கடினமான விடயங்கள் இரண்டே. ஒன்று தற்காலிக நினைவகத்தில் உள்ள பழைய பிரதியை உரிய நேரத்தில் நீக்குவது, மற்றையது பொருட்களுக்குப் பெயர் வைப்பது என்பதே அதன் சாரம். அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கணினி தன் அருகிலேயே ஒரு பிரதியெடுத்து வைத்துக்கொள்ளும். மூலத் தகவல் மாறிய பின்னரும் அது பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருந்தால் குழப்பம் விளையும். மறக்க வேண்டியதை மறக்க வைப்பதுதான் அங்குள்ள சிரமம்.

மனிதனின் மறதியோ வேறு வகையானது. ஆறு மாதங்களுக்கு முன் எழுதப்பட்ட நிரலைப் படித்து, ‘எந்த மூடன் இதை எழுதினான்?’ என்று கோபித்து, எழுதியவர் பெயரைத் தேடினால் தன் பெயரே வந்து நிற்கும் என்பது மென்பொருள் எழுதுவோர் சலிக்காமல் சொல்லும் வேடிக்கை. பெயரைத் தேடித் தரும் கட்டளைக்கு ‘கிட்’ என்ற மென்பொருளில் ‘பழி சுமத்து’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே வைத்திருக்கின்றார்கள். அதற்கு முந்திய ‘சப்வெர்ஷன்’ என்னும் மென்பொருள் அதே கட்டளைக்குப் ‘பாராட்டு’ என்ற மாற்றுப் பெயரையும் அனுமதித்தது. ‘இறுதி புதிது 2’ போன்ற பெயர்களின் தொல்லையிலிருந்து விடுவிக்கும் கருவிகள் இவை. கோப்பின் ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது செய்தார் என்பதோடு சேமித்து வைப்பதால் பிரதிக்குப் பிரதி புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. 2005இல் கிட் மென்பொருளை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸைப் போல இதற்கும் தன் பெயரையே வைத்ததாகக் கேலியாகக் கூறினார். பிரித்தானியப் பேச்சு வழக்கில் ‘கிட்’ என்பது எரிச்சலூட்டும் ஆசாமியைக் குறிக்கும் வசைச்சொல்.

நித்திரை விழிக்கும் தொழில் என்பதால் பானம் பற்றிய நகைச்சுவைக்கும் அங்கே குறைவில்லை. கணித அறிஞர் என்பவர் கோப்பியைத் தேற்றங்களாக மாற்றும் இயந்திரம் என்று ஹங்கேரியின் அல்பிரெட் ரேனி கூறியதைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டு, தாம் கோப்பியை நிரலாக மாற்றுபவர்கள் என்கின்றார்கள். (இதனைப் போல் ஏர்டிஷ் சொன்னதாக எழுதுவோர் பலர். மறதியின் இன்னொரு உதாரணம்.) 1995இல் வெளிவந்த ஜாவா மொழிக்கு முதலில் ‘ஓக்’ மரத்தின் பெயரே இருந்தது, அப்பெயருக்கு வேறு உரிமையாளர் இருந்தமையால் கோப்பியின் பெயர் சூட்டப்பட்டது. 1998 ஏப்ரல் முதலாம் திகதி, கோப்பிப் பாத்திரத்தை இணையத்தின் வழியே இயக்குவதற்கான போலி விதிமுறை ஒன்றை லாரி மாசின்டர் வெளியிட்டார். கோப்பி தயாரிக்குமாறு தேநீர்க் கேத்தலிடம் கேட்டால் அது 418 என்ற பிழை எண்ணைத் திருப்பியனுப்பி, ‘நான் தேநீர்க் கேத்தல்’ என மறுக்க வேண்டுமாம். 2017இல் அவ்வெண்ணை நீக்க முயன்றபோது எதிர்ப்புக் கிளம்பியது. இன்றும் அது வேறு எதற்கும் வழங்கப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது.

தேநீர் என்றதும் நமது கவனம் சப்ரகமுவ பக்கம் திரும்புவது இயல்பே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தாழ்நிலத் தேயிலையை மத்திய கிழக்கு நாடுகள் நீண்டகாலமாக விரும்பி வாங்கி வருகின்றன. அதிலுள்ள உற்சாகப் பொருளும் கோப்பியில் உள்ளதும் ஒன்றே. 1819இல் ஜேர்மனியரான ரூங்கே கோப்பியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர், புதுப்பொருளெனக் கருதி அதற்குத் ‘தெயின்’ எனப் பெயரிட்டார். இரண்டும் ஒன்றென நிரூபிக்க 1838 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே கோப்புக்கு இரு பெயர் வைத்த கதைதான்.

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் பொதிகளின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் கணினிக்காரர்களே வெட்கித் தலைகுனிய நேரும். பி.ஓ.பி. என்பது ‘புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ’. தோடம்பழத்தின் சுவையோ மணமோ அதில் கிடையாது. அதன் முன்னே ‘பிளவரி’ சேர்ந்து, பின்னே ‘பனிங்ஸ்’ சேர்ந்து எப்.பி.ஓ.பி.எப். ஆகும். அப்புறம் ‘ஸ்பெஷல்’, அதற்கு மேல் ‘எக்ஸ்ட்ரா ஸ்பெஷல்’, அதற்கும் பின்னே ஓர் இலக்கம். விசேடம் என்று ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டால் அதனிலும் விசேடமானதை எப்படி அழைப்பது என்ற அதே சங்கடந்தான் இங்கும்.

ஆனால் தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. செக்ரோலில் ஒரு தொழிலாளிக்கு ஒரு நாள் வேலை பதியப்படுவதே ‘பேர்’. நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. அதாவது அங்கே பெயர் என்பது அன்றைய சம்பளம். கோப்புக்கு வைத்த பெயர் பிழைத்தால் ஓர் இரவின் நித்திரை போகும். பதிவேட்டில் ஆளின் பெயர் பிழைத்தால் போவது பல்லாண்டு உழைப்பின் பலன். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அந்தப் பணத்தைப் பெறச் செல்பவரின் பெயர் தோட்டத்துப் பதிவில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தால் இருவரும் ஒருவரே என்பதை அவர் நிரூபித்தாக வேண்டும்.

இப்பிழைகள் கவனக்குறைவால் மட்டும் நேர்பவையல்ல. தமிழில் ‘ப’ ஒன்றே. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதற்கு இரண்டு எழுத்துகள். பாலன் என்ற பெயரை எழுதும் பதிவாளர் தம் காதுக்குப் பட்டதையே எழுதுவார். தனம், காந்தி, பாக்கியம் எல்லாவற்றுக்கும் இதே கதி. சப்ரகமுவவில் தமிழர்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்பவர்கள். அவர்களது பெயர் தமிழ்க் காதுகளையும் சிங்கள எழுத்தையும் ஆங்கிலப் படிவத்தையும் கடந்து வரும்போது மூன்று உருவம் பெற்றுவிடுவதில் வியப்பில்லை. மாவனல்லையிலோ பலாங்கொடையிலோ வாழும் முஸ்லிம் வாசகர்களுக்கும் இது புதிதன்று. முஹம்மது, முகம்மத், மொஹமட் என்பவற்றை மூன்று வெவ்வேறு பெயர்களாகவே கணினி கருதும். போதாக்குறைக்கு ‘எம்.ஐ.எம்.’ என்ற முதலெழுத்துகள் வேறு. முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்கள் கொண்ட படிவத்தில் தந்தையின் பெயரை எங்கே எழுதுவது? பெயர்கள் குறித்து மென்பொருள் எழுதுவோர் கொண்டுள்ள தவறான நம்பிக்கைகளை 2010இல் பட்ரிக் மெக்கென்சி நாற்பது வரிகளில் பட்டியலிட்டார். எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பதும் அவற்றுள் அடங்கும்.

பெயரைவிட இலக்கம் உறுதியானது என்பர். அதற்கும் மறதி உண்டு. தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கம் பிறந்த ஆண்டின் இறுதி இரு இலக்கங்களுடன் தொடங்கியது. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாம் நாள் என்பதைக் காட்டும்; பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். நூற்றாண்டைக் குறிக்க இடமே விடப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் அட்டைக்குரிய வயதை எட்டிய 2016இல்தான் ஆண்டு முழுமையாக இடம்பெறும் பன்னிரண்டு இலக்க முறை வந்தது. உலகத்துக் கணினிகள் 1999இல் பட்ட பாட்டை நாம் பதினேழு ஆண்டுகள் ஒத்திப்போட்டோம் எனலாம்.

தெஹியோவிற்றப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை அண்மையில் சந்திக்க நேர்ந்தது. மேற்கண்ட வேடிக்கைகளில் பாதி அவர் சொல்லித் தெரிந்தவையே. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தம் தாயாரின் சேமலாப நிதிக்காக அலைந்துகொண்டிருந்தார். தாயாரின் பெயர் செக்ரோலில் ‘பி’யிலும் அடையாள அட்டையில் ‘பீ’ ஒலிக்குரிய வேறெழுத்திலும் தொடங்கியதால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. அதன் பிரதியைத் தம் கைத்தொலைபேசியில் காட்டினார். கோப்பின் பெயர் ‘அம்மா பெயர் இறுதி 2’ என்றிருந்தது. இத்தனை கருவிகள் தெரிந்தவர் இப்படியா பெயர் வைப்பது என்று கேட்டேன்.

“முதலாவது கடதாசியிலும் பெயர் பிழைச்சுப் போச்சு, ஐயா” என்றார்.