தொழுநோயில் மடங்கிய விரல்களும் தசைநாண் மாற்று அறுவை மருத்துவமும்

தொழுநோய்க் கிருமி முழங்கையருகே உல்நார் நரம்பைத் தாக்கும்போது கையின் சிறுதசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பறவையின் நகம்போல் வளைகின்றன. ஆயினும் முன்கைத் தசைகள் பல வலுவோடு எஞ்சுகின்றன. இதனை அடிப்படையாகக் கொண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட் 1948இல் தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கினார். நலமான தசையொன்றின் நாண் இடம்மாற்றி விரல்களில் இணைக்கப்பெறும். பின்னர்ப் பயிற்சியால் அத்தசை புதிய பணிக்குப் பழகும்.

தொழுநோயாளியின் திசு ஆறாது என்னும் அக்காலக் கருத்தை இவ்வறுவையின் வெற்றி மறுத்தது. ஆறாப் புண்களுக்குக் காரணம் திசுவின் கேடன்று. வலியுணர்வின் இழப்பால் மீண்டும் மீண்டும் நேரும் காயமே என்பது தெளிவாயிற்று. அறுவை அசைவை மீட்கும், உணர்வை மீட்பதில்லை. எனவே சூடான பாத்திரத்தையும் கூரிய கருவியையும் கண்ணால் கண்டு விலகும் பழக்கமே மீண்ட கையைக் காக்கும் என்பது இதனால் பெறப்படும்.