குழாய்க் கசிவும் குப்பத்துக் குடிநீரும்

சிறு துளி பெருவெள்ளம் என்பர் நம் முன்னோர். சேமிப்பைக் குறித்துச் சொல்லப்பட்ட அம்மொழி சேதத்துக்கும் பொருந்தும். வீட்டுக் குழாயில் ஏற்படும் கசிவைப் பலர் அற்பமெனக் கருதி விட்டுவிடுகின்றனர். நன்னீர் அரிதாகிய பழவேற்காட்டுப் பகுதியில் அஃது அற்பமன்று.

பழவேற்காடு ஏரி உவர்நீர் ஏரி. கடலும் ஆரணி ஆறு, களங்கி ஆறு ஆகியவற்றின் நீரும் அதில் கலக்கின்றன. மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து வருவதை 1960-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலிருந்தே ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். அளவுக்கு மீறி நீர் இறைத்ததே அதற்குத் தலையாய காரணம். ஆகையால் ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் வாழும் மீனவர், தம் வாசலில் தோண்டிய கிணற்றை மட்டும் நம்பிக் குடிநீர் பெற இயலாது. குழாய் வழி வரும் நீரே அவர்களுக்குப் பெரிதும் துணை. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பையும், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரையும் குறிக்கோளாகக் கொண்டது. வீடுதோறும் குழாய் வரும்போது, குழாயைப் பேணும் அறிவும் வீடுதோறும் வருதல் வேண்டும்.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றுக்கு ஒருநாள் விடியற்காலையில் சென்றிருந்தேன். ஆடவர் கடலுக்குச் சென்றிருந்த வேளை. ஒரு வீட்டில் குழாயின் முழங்கைப் பகுதி உடைந்து நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அவ்வீட்டு அம்மையார் கந்தைத் துணியைச் சுற்றிக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். “ஐயா, தோணி ஒழுகினால் அடைக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். குழாய் உடைந்தால் எதை மூடவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே!” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் செய்ய வேண்டுவன

கசிவைக் கண்டதும் துணியைத் தேடுதல் கூடாது; வால்வைத் தேடுதல் வேண்டும். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் நீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு வால்வு இருத்தல் நலம். அதை மூடினால் நீர் நின்றுவிடும். மாடியில் தொட்டி வைத்திருப்போர் தொட்டியின் அடியிலுள்ள வால்வை மூடி, மோட்டாரையும் நிறுத்த வேண்டும். வீட்டில் வால்வு இல்லையெனில், மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்கு உடனே தெரிவித்துத் தெருவின் வால்வை மூடச் செய்ய வேண்டும். வால்வு இருக்குமிடத்தைச் சிறுவர் முதல் முதியோர் வரை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

சுவரிலுள்ள மின்பெட்டிக்கு அருகில் நீர் பரவியிருந்தால், ஈரக் கையுடன் அதனை அணுகலாகாது. உலர்ந்த இடத்தில் நின்று முதன்மை இணைப்பை நிறுத்த இயலுமாயின் நிறுத்துக; இயலாவிடின் விலகி நின்று மின் பணியாளரை அழைத்திடுக.

தற்காலிகக் கட்டு

நீர் நின்றபின் குழாயைத் துணியால் நன்கு துடைக்கவும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, விரிசலுக்கு இருபுறமும் நான்கு விரற்கடை மிகுமாறு இழுத்து இழுத்து இறுகச் சுற்றவும். அதன்மேல் வலை பின்னும் நைலான் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி முடிச்சிடவும். முடிச்சிடும் கலையை மீனவருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் இக்கட்டு பழுது பார்ப்பவர் வரும்வரைதான். இதையே நிலையான மருத்துவமாகக் கொள்ளலாகாது.

நிலையான பழுது

மூடிய பின்னும் குழாய் சொட்டினால் பெரும்பாலும் உள்ளேயுள்ள வாசர் தேய்ந்திருக்கும். சில ரூபாய்ச் செலவில் அதை மாற்றலாம். மரைப் பகுதியில் கசிந்தால், கழற்றிப் பழைய அழுக்கை அகற்றி, முடுக்கும் திசையிலேயே டெஃப்லான் நாடாவைச் சுற்றி மீண்டும் பொருத்த வேண்டும். பி.வி.சி. குழாய் வெடித்திருந்தால், வெடித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு இணைக்க வேண்டும். இணைக்கும் முனைகள் முற்றிலும் உலர்ந்திருந்தாலன்றிப் பசை பிடிக்காது. பசை டப்பாவில் குறித்துள்ள நேரம் கழியுமுன் நீரைத் திறந்துவிடுதலும் தவறு.

கடற்கரைக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. உப்புக் காற்று இரும்பை விரைவில் அரிக்கும். துருப்பிடித்த இரும்புக் குழாய்க்கு வண்ணம் பூசுதல் ஓட்டையை மறைக்குமேயன்றி அடைக்காது. அப்பகுதியை மாற்றுவதே வழி. பிளாஸ்டிக் குழாயோ வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மையடையும். அதை மண்ணுக்குள் புதைத்து வைத்தல் வேண்டும். காற்றில் மணல் விலகிக் குழாய் வெளியே தெரிந்தால் மீண்டும் மூடிவிட வேண்டும்.

மறைந்திருக்கும் கசிவு

களிமண் நிலத்தில் குழாய் உடைந்தால் குட்டை தேங்கிக் காட்டிக்கொடுக்கும். குப்பத்து மணலோ கசிந்த நீரை அப்படியே உறிஞ்சிவிடும். ஆதலின் தேடிக் காணுதல் வேண்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தில் கோடிட்டு, காலையில் பார்த்தால் உண்மை விளங்கும். கோடையிலும் ஓரிடத்து மணல் ஈரமாகவோ, ஓரிடத்துப் புல் மட்டும் பசுமையாகவோ இருப்பின், அதன் கீழே குழாயைச் சோதிக்கவும்.

இழப்பின் அளவையும் எளிதில் அறியலாம். சொட்டும் இடத்தில் 200 மில்லி லிட்டர் கொள்ளும் தம்ளரை வைக்கவும். 10 நிமிடத்தில் நிரம்பினால், எந்நேரமும் நீர் நிற்கும் வீட்டுத் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 28.8 லிட்டர் வீணாகிறது என்பது கணக்கு. 30 நாட்களில் 864 லிட்டர். அதாவது 15 லிட்டர்க் குடத்தில் 57 குடங்களுக்கு மேல். குடம் சுமந்து பழகிய நம் தாய்மார்களுக்கு இக்கணக்கின் பாரம் நன்கு விளங்கும்.

ஓட்டைக்கு இரு வழி

நீர் வீணாவதினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. ஓட்டை வழியே நீர் வெளியே மட்டுமே செல்லும் என எண்ணுகிறோம். விநியோகம் நடக்கும்போது அழுத்தத்தினால் நீர் வெளியே கசிகிறது. விநியோகம் நின்றதும் குழாயிலுள்ள நீர் தாழ்வான பகுதிக்கு இறங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது அதே ஓட்டை வழியே, சுற்றிலுமுள்ள உவர்நீரும் சாக்கடையும் மீன் கழுவிய கழிவுநீரும் உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் முதற்குடத்தில் வருவது அந்நீரே. வயிற்றுப்போக்கு, காமாலை முதலிய நோய்கள் பரவ இதுவும் ஒரு வழி.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுப்போர் இத்தீங்கைப் பன்மடங்காக்குகின்றனர். அண்டை வீட்டாரின் பங்கைப் பறிப்பதோடு, வழியிலுள்ள ஓட்டைகளின் அழுக்கையும் தம் வீட்டுக்கே அழைத்துக்கொள்கின்றனர். நீர் வேகமாக வருவதற்கென்று குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைப்பதும் இத்தகையதே; குழியில் தேங்கும் நீரில் குழாயின் வாய் மூழ்கிவிடும்.

எனவே பழுது பார்த்தபின் முதலில் வரும் சில குடம் நீரைக் குடிக்கப் பயன்படுத்தலாகாது. அதன் பின்னரும் ஓரிரு நாட்கள் நீரைக் காய்ச்சிக் குடித்தல் நன்று.

ஊராட்சியின் பொறுப்பு

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி குடிநீர் வழங்குதல் கிராம ஊராட்சியின் கடமை. மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் சேர்த்தல் வழக்கம். 30,000 லிட்டர்த் தொட்டியாயின் 120 கிராம் வேண்டும். பவுடரைத் தனியே நீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரையே தொட்டியில் ஊற்ற வேண்டும். குழாய் வரிசையின் கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமேனும் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். போதிய மருந்து இட்டும் கடைசி வீட்டில் குளோரின் இல்லையெனில், இடையில் எங்கோ ஓட்டை உண்டு என ஐயுறலாம்.

வால்வுகள் இருக்குமிடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டி வைக்கலாம். வாசர், இணைப்பு, குழாய்த் துண்டு ஆகியவற்றைக் கையிருப்பில் வைக்கலாம். கசிவுப் புகார்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, புகார் வந்த நாளையும் சரிசெய்த நாளையும் எழுதி, கிராம சபையில் படித்துக் காட்டலாம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை அதற்குப் பொருத்தமான நாள். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் உயர்ந்து குழாய்களை மூழ்கடிக்குமுன், புரட்டாசியிலேயே ஊர் முழுதும் சோதனையை முடித்துவிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆள் ஏது எனச் சிலர் வினவலாம். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை தலைமுறைகளாக வழங்கி வருகிறது. ஏரியையே முறைவைத்து ஆளத் தெரிந்த மக்கள், தெருவுக்கு இரு வீட்டார் வீதம் முறைவைத்து, விநியோக நேரத்தில் குழாய் வழியே நடந்து பார்த்தல் அரிய செயலாகுமா? தோணியின் சிறு துளையை எந்த மீனவரும் நாளை பார்க்கலாம் என்று விட்டுவைப்பதில்லை. குழாயின் துளையையும் அவ்வாறே கருதுவோமாக. இன்று மாலையே உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது, அது மூடித் திறக்கிறதா என்று பாருங்கள்.