ஏற்புவலி உடலில் என்ன செய்கிறது?

எங்கள் வாப்பும்மாவுக்கு முதல் பிள்ளை ஆண். வீட்டிலேயே பிறந்தது. நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, அகீகாவுக்கு ஆயத்தம் நடந்த ஆறாம் நாள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு விறைத்தது. யாராவது தொட்டால் முதுகு வில்லாக வளைந்தது. மறுநாள் மௌத்தாகிவிட்டது. தன் பாலில்தான் ஏதோ பிழை என்று வாப்பும்மா எப்போதும் சொல்வார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பின், நடந்ததை ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டேன். தொப்புள்கொடியை வீட்டுக் கத்தியால் வெட்டி, அடுப்புச் சாம்பல் பூசினார்களாம். அது ஏற்புவலியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏற்புவலி என்றால் நமக்குத் துருப்பிடித்த ஆணிதான் ஞாபகம் வரும். உண்மையில் துருவுக்கும் இந்நோய்க்கும் நேரடித் தொடர்பில்லை. குளோஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பற்றீரியாவின் வித்திகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒட்சிசன் உள்ள இடத்தில் அவை வளர்வதில்லை. ஆழமாகக் குத்திய காயம், இழையம் இறந்துபோன காயம் என்பவைதான் அவற்றுக்கு வசதி. வெட்டிய தொப்புள்கொடியின் நுனியும் அப்படிப்பட்ட இடந்தான்.

பற்றீரியா காயத்தை விட்டு நகர்வதில்லை. அது சுரக்கும் நச்சுத்தான் நரம்பின் வழியே ஏறி முண்ணாணுக்குச் செல்கிறது. நாம் கையை மடக்கும்போது ஒரு தசை சுருங்க, அதன் எதிர்த்தசை தளர வேண்டும். "சுருங்காதே" என்ற அந்தச் செய்தியைக் கொடுப்பவை கிளைசின், காபா என்னும் இரு பதார்த்தங்கள். நச்சு இவை வெளிவருவதைத் தடுத்துவிடுகிறது. பிறேக் இல்லாத பஸ் போல எல்லாத் தசைகளும் ஒன்றாக இறுகுகின்றன. அவற்றுள் முதுகுத் தசைகள் வலிமை கூடியவை என்பதால் உடல் பின்னோக்கி வளைகிறது. கதவு சாத்தும் சத்தமே வலிப்பைத் தூண்டப் போதும். இத்தனைக்கும் நோயாளிக்கு நினைவு தப்புவதில்லை. வாசித்தபோது என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். சுவாசத் தசைகள் இறுகும்போது உயிருக்கே ஆபத்து.

ஆனால் எல்லோரையும் இது ஒரேயளவில் தாக்குவதில்லை. காயம் பட்டு பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறி தோன்றும். எவ்வளவு விரைவாகத் தோன்றுகிறதோ அவ்வளவு கடுமை. நச்சு அதிகம், அல்லது அது செல்ல வேண்டிய தூரம் குறைவு என்பதே அதன் பொருள். தாடைக்குச் செல்லும் நரம்புகள் குட்டையானவை என்பதால்தான் முதலில் வாய் பூட்டிக்கொள்கிறது. ஓரளவு நிர்ப்பீடனம் உள்ளவருக்குக் காயத்தைச் சுற்றிய தசை மட்டும் விறைத்து, நோய் அத்தோடு நின்றுவிடவும் கூடும். அந்தக் குழந்தைக்கோ எல்லாமே பாதகம். சின்னஞ்சிறு உடம்பில் நரம்புகள் குட்டை. வாப்பும்மா ஊசி போட்டிருக்கவில்லை. ஆகவே தாயிடமிருந்து வரவேண்டிய பிறபொருளெதிரிகளும் இல்லை.

நரம்புக்குள் புகுந்துவிட்ட நச்சை மருந்தால் அகற்ற முடியாது. புதிய நரம்பு முனைகள் வளரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிழைத்தவருக்கும் நிர்ப்பீடனம் கிடைக்காது. உயிரைப் பறிக்கும் நச்சின் அளவு, உடல் அதை அடையாளங் காணவே போதாத அளவுக்குச் சிறியது. ஆகவே நோய் வந்து மாறியவரும் ஊசி போட வேண்டும்.

இன்று நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கும், பிறகு பிள்ளைக்கு 2, 4, 6, 18 மாதங்களிலும், 5 வயதிலும், 7ஆம் தரத்திலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் தாய் சேய் ஏற்புவலி ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனாலும் வித்திகள் மண்ணில் இருக்கத்தான் செய்கின்றன.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது வாப்பும்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப, என்ட பாலால இல்லயா மகள்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று மாலை இன்னொரு தரமும் கேட்டார்.

தங்கை இப்போது 7ஆம் தரம். பாடசாலையிலிருந்து வந்த ஊசிப் படிவத்தில் வாப்பா கையொப்பமிட்டார். "நீங்கள் கடைசியாக எப்போது போட்டீர்கள்?" என்று கேட்டேன். நாள்தோறும் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் அவருக்கு அது ஞாபகமில்லை.