கரிக் குடுவையைக் கழற்றலாமா?

பழைய டர்போ காடி வைத்திருப்போர் நம்மிடையே பலர் உண்டு. மிட்சுபிஷி இவோ, சுபாரு இம்ப்ரேசா ஓட்டுவோர் ஒருபுறம். ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் டர்போ இயந்திரத்தைப் புரோட்டோன் வீராவில் பொருத்தியவர்கள் மறுபுறம். செடெனாக் வழியே போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இவர்களைக் காணலாம்.

"அந்தக் கறுப்புக் குடுவையும் ரப்பர் குழாய்களும் எதற்கு? கழற்றினால் வேகம் கூடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். வேகம் கூடாது; ஆபத்துதான் கூடும்.

வெயிலில் நிற்கும் காடியின் தொட்டியில் பெட்ரோல் ஆவியாகிறது. அந்த ஆவியைக் குடுவையிலுள்ள நுண்துளைக் கரி பிடித்து வைக்கிறது. தேங்காய்ச் சிரட்டை, செம்பனைக் கொட்டை ஓடு ஆகியவற்றிலிருந்தும் இத்தகைய கரி தயாராகிறது. இயந்திரம் ஓடும்போது ஒரு வால்வு திறந்து, ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். 1970-இல் கலிபோர்னியா மாநிலம் புதிய காடிகளுக்கு இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது.

டர்போவில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண இயந்திரம் எப்போதும் உறிஞ்சும். டர்போ அழுத்தம் ஏறும்போதோ காற்று எதிர்த்திசையில் தள்ளும். அது குடுவைக்குப் போகாமல் தடுப்பது ஒருவழி வால்வு. விலை மலிவான சின்னப் பொருள்தான். இருபது, முப்பது ஆண்டு பழையதானால் அது இறுகிப் போகலாம், ஒழுகலாம். அப்போது டர்போ அழுத்தம் குறையும். குடுவையிலும் தொட்டியிலும் அழுத்தம் ஏறும். பெட்ரோல் வாடை வரும்.

குடுவையைக் கழற்றிக் குழாயைத் திறந்து விட்டாலோ ஆவி வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது. வீட்டுக் காடி நிறுத்துமிடத்தில் தரையோடு தங்கும். ஒரு தீப்பொறி போதும். அதிலுள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குழாயை அடைத்து வைப்பதும் தவறு. தொட்டி மூச்சுவிட வழியிருக்காது.

ஆகவே நேயர்களே, வாடை வந்தால் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள். ஒருவழி வால்வைக் கழற்றிக் கைப்பம்பால் காற்றடித்தால் இயந்திரத்தின் பக்கம் மட்டுமே போக வேண்டும். வாயால் ஊதாதீர்கள். குழாய் மாற்றும்போது பெட்ரோல் ஆவியைத் தாங்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். எண்ணெய் நிலையத்தில் பம்பு தானாக நின்ற பிறகும் ஊற்றாதீர்கள். பெட்ரோல் புகுந்தால் கரி கெட்டுவிடும். ஹாஃப்-கட் வாங்குவோர் இந்த வால்வும் குடுவையும் சேர்ந்து வருகின்றனவா என்று முதலிலேயே பட்டறையில் கேளுங்கள்.