‘யார் செய்தது’ என்பது மட்டுமா கேள்வி?

குற்றவியல் என்றதும் கைரேகையும் தடயமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அமெரிக்க அறிஞர் எட்வின் சதர்லேண்ட் அத்துறைக்கு மூன்று கேள்விகளை வகுத்தார்: சட்டம் எப்படி உருவாகிறது? எப்படி மீறப்படுகிறது? மீறலுக்குச் சமூகமும் அரசும் என்ன செய்கின்றன? பாதிக்கப்பட்டோர் பற்றிய ஆய்வு பின்னர் தனிக் கிளையாகவே வளர்ந்தது.

நம் மாவட்டத்தின் வேங்கைவயலில், 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஆய்வெல்லாம் மரபணுச் சோதனை உள்ளிட்ட ‘யார் செய்தது’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நின்றது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை ஏற்காத விசிக, மார்க்சிஸ்ட் கட்சிகள் சிபிஐ விசாரணை கோரின.

மற்ற கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. தொட்டியைப் பார்க்க வந்த அதிகாரிகள் கண்ணில் அங்கே இரட்டைக் குவளையும் பட்டது. கோயில் நுழைவு மறுப்பும் தெரிந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமே இவற்றைக் குற்றமாக்கிவிட்டது. அத்தனை ஆண்டுகள் யாரும் ஏன் புகார் கொடுக்கவில்லை? கொடுத்தால் கூலி வேலை கிடைக்குமா என்ற அச்சமா, காவல் நிலையத்தின் மீது நம்பிக்கையின்மையா? பதிவாகாத குற்றம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததை ‘எங்கள் ஊரில் சாதிப் பிரச்சினையே இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம்.

வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 60 நாட்களில் முடிக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு அந்த டி.எஸ்.பி. அலுவலகம் கோட்டைப்பட்டினத்திலேயே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்றால் அந்தப் பிரிவு 18ஏ-வை எடுத்துச் சொல்லுங்கள். அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். நிவாரணத் தொகையையும் கேளுங்கள்.

குற்றவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி எங்கும் அலைய வேண்டாம். எத்தனை புகார்கள் சமரசம் பேசித் திருப்பி அனுப்பப்பட்டன என்று நம் ஊர்களில் கேட்டு எழுதுங்கள்.