கன்னிமாரா ஓட்டல்: பேரு கவர்னருக்கு, தொடங்கினது யாரு?

வானகரம் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போனால், பெரிய பெரிய திருமண மண்டபங்களைப் பார்க்கலாம். இதே சாலையில் நகரத்துக்குள் போய், அண்ணா சாலைக்குத் திரும்பினால் பின்னி சாலை வரும். சென்னையின் மிகப் பழைய நட்சத்திர ஓட்டலான தாஜ் கன்னிமாரா அங்கேதான் இருக்கிறது.

யார் தொடங்கியது?

'வெள்ளைக்காரன் கட்டியதுதானே' என்று நினைப்போம். இல்லை. திருவல்லிக்கேணி ரத்னவேலு முதலியார் என்ற தமிழர் 1854-ல் 'இம்பீரியல் ஓட்டல்' என்ற பெயரில் தொடங்கியது இது. சென்னையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியதே 1856-ல்தான். அதற்கும் இரண்டு வருடம் முன்பே ஓட்டல் வந்துவிட்டது!

பெயர் எப்படி மாறியது?

1886-ல் முதலியார் சகோதரர்கள் இருவர் இதைக் குத்தகைக்கு எடுத்து, 'ஆல்பனி' என்று பெயர் வைத்தார்கள். 1890-ல் அது 'கன்னிமாரா' ஆனது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் ராபர்ட் பர்க். அவருடைய பிரபு பட்டம்தான் கன்னிமாரா. அது அயர்லாந்தில் உள்ள ஒரு பகுதியின் பெயர். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் இவரே.

ஆனால் அதே 1890-ல், இவரது மனைவி லேடி சூசன் லண்டனில் விவாகரத்து பெற்றார். காரணம், கணவரின் தகாத உறவும் கொடுமையும். பதவியை விட்டுப் போன ஆளுநரின் பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

அப்புறம் என்ன ஆச்சு?

1891-ல் ஸ்பென்சர் நிறுவனத்தின் யூஜின் ஓக்‌ஷாட் ஓட்டலை வாங்கினார். 1930-களில் ஆர்ட் டெக்கோ பாணியில் கட்டடம் புது வடிவம் பெற்றது. 1970-களில் அதை மேலும் மெருகேற்றியவர், இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. இன்று நடத்துவது தாஜ் குழுமம். இங்குள்ள 'ரெயின்ட்ரீ' உணவகம் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்குப் பேர்போனது.

இதை ஏன் தெரிஞ்சுக்கணும்?

நான்கு வருடம் ஆண்டவரின் பெயர் ஓட்டலிலும் நூலகத்திலும் நிலைத்திருக்கிறது. முதல் போட்டு, ஆள் வைத்து, தொழிலைத் தொடங்கிய முதலியாரின் பெயர் அந்தப் பலகையில் இல்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, கூட இருப்பவரிடம் அவர் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.